முப்பத்தோரு பாட்டில் தண்ணீர்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுச்சூழல் கல்வி மையத்துக்கு அழைத்துப் போகப் போகிறார்கள் என்று கன்னியப்பனின் மகள் கலைமதி வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"இங்க இல்லாத சுற்றுச்சூழலு அங்க இன்னாடி கீது?"

"கொளம் கீதாம் பெரிப்பா. அல்லி கீதாம். பட்டாம்பூச்சிக்குன்னே தனியா தோட்டம் போட்டுக்கீறாங்களாம். மைக்ராஸ்கோப்புல நாமளே பாக்கலாமாம்."

"கொளத்துக்குத் தண்ணி டேங்கர் லாரில வர்து. அதையும் பாத்துட்டு வா."

"போ பெரிப்பா, நீ எப்பவும் இப்டித்தான்."

எப்பவும் இப்படித்தான். அந்த மையம் வல்லக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. ஒரு கம்பெனி கட்டிக்கொடுத்தது. சுற்றிலும் கம்பி வேலி, கேட்டில் செக்யூரிட்டி. கம்பெனிக்காரன் மரம் வைத்தால் நான் மரத்தைப் பார்க்கமாட்டேன், மரத்துக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறான் என்று பார்ப்பேன். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். மூன்று தரம் கையெழுத்துப் போட்டேன், மூன்று தரமும் நிலம் போனது. அதற்குப் பிறகு பஞ்சாயத்து டேங்கில் மோட்டார் போடுகிற வேலை. இந்த ஊரில் எந்தக் குழாயில் எப்போது என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும்.

கன்னியப்பன் வீடு மோட்டார் ரூமுக்கு முன்னால். அவன் எனக்குப் பங்காளி முறை, சின்னவன். கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணில் பிரச்சினை என்று மெடிக்கல் டெஸ்டில் கண்டுபிடித்து நிறுத்திவிட்டார்கள். நிலத்துக்கு வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு ரூம் கட்டியிருந்தான், மேலே ஆஸ்பெஸ்டாஸ். தெற்கத்திப் பையன்கள் ரூமுக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று தங்கி ஷிப்டுக்குப் போய்வருவார்கள். வேறு வருமானம் இல்லை. அந்த ஆறு ரூமில் ஆள் இருந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவ்வளவுதான் கணக்கு.

கெட்டது தண்ணீர். நாலு வருஷமாக ஊரில் எந்த போர் கிணற்றுத் தண்ணீரும் சரியில்லை. பிடிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். குடத்தில் அரை மணி நேரம் நின்றால் மஞ்சள் ஏறி, மேலே எண்ணெய் மாதிரி ஒரு தோல் கட்டும். பால் ஊற்றிக் காய்ச்சினால் திரிந்துபோகும். பையன்கள் குளித்துவிட்டு வந்தால் தலை பிசுபிசு என்று இருக்கும். எதனால் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லமாட்டேன். குடிக்க எல்லா வீட்டிலும் கேன் தண்ணீர். மற்ற எல்லாவற்றுக்கும் போர்தான். பஞ்சாயத்துக் குழாயில் வருவது நாலு குடத்துக்குக் காணாது, அதனால் வீட்டுக்கு வீடு போர். வெளியூரிலிருந்து பைப் போட்டு நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று ஊரே கூடி மனு எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு பதிலும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். குழாயைப் பார்க்க வரச்சொல்லியிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். ஹெட்மாஸ்டர் இராமச்சந்திரன் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். பக்கத்தில் அறிவியல் டீச்சர் மெர்சி. மையத்திலிருந்து பகலவன் என்று ஒரு பையன் வந்திருந்தான், பச்சை டீ-சர்ட் போட்டுக்கொண்டு.

"கம்பெனி பஸ் காலைல எட்டு மணிக்கு வந்துடும். சாப்பாடு வீட்லருந்து கொண்டு வரணும். டப்பால கொண்டு வாங்க. பிளாஸ்டிக் கவர், பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் உள்ள அனுமதி இல்ல" என்றான் பகலவன்.

பிறகு ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பது தெரிகிற வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்து மேஜைமேல் அடுக்கினான்.

"இது இன்னா சார், மரத்துல செஞ்சதா?" என்று முனியம்மாள் கேட்டாள். அவள் கன்னியப்பன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. அவளுக்கும் நாலு ரூம் இருக்கிறது, மகன் எட்டாவது படிக்கிறான். எல்லாரும் சிரித்தார்கள். பகலவனும் சிரித்தான்.

"இது சாம்பிள் எடுக்கறதுக்கும்மா. ஒவ்வொரு பிள்ளையும் அவங்க வீட்டுத் தண்ணி ஒரு லிட்டர் கொண்டு வரணும். பிள்ளைங்களே கொஞ்சம் டெஸ்ட் பண்ணிப் பாப்பாங்க, அப்புறம் எங்க லேப்ல முழுசா பண்ணுவோம். பாட்டில் மேல ஸ்டிக்கர் இருக்கு. பிள்ளை பேரு, அப்பா பேரு, தெரு, எல்லாம் எழுதிடுங்க."

"அப்பா பேரு எதுக்கு?" என்று கன்னியப்பன் எழுந்தான்.

"எந்த வீடுன்னு தெரியணும் இல்லையா? சார்ட் போட்டு ஸ்கூல்லயும் மாட்டுவோம். ஊருக்கே பயன்படும்."

கன்னியப்பன் உட்கார்ந்துவிட்டான். முகத்தைப் பார்த்தேன். ஊருக்குப் பயன்படும் என்று யாராவது சொன்னால் இந்த ஊர்க்காரன் முதலில் பட்டாவைத் தேடுவான். ரோடு போட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

மெர்சி டீச்சர் எழுந்து, "போர்ல இருந்து வர்ற தண்ணியதான் கொண்டு வரணும். மறந்துடாதீங்க" என்றாள். அதற்குமேல் ஏதோ சொல்ல வந்தாள். ஹெட்மாஸ்டரைப் பார்த்தாள். உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டபிறகு அவள் குடை பிடித்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கு வந்தாள். செங்கல்பட்டுக்காரி. சிங்கப்பெருமாள் கோவில் வரை ரயிலில் வந்து ஷேர் ஆட்டோ பிடித்து வருகிறவள். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது.

"ஐயா, எந்தெந்த வீட்டு போர் ரொம்ப மோசம்னு உங்களுக்குத் தெரியும். ஒரு லிஸ்ட் வேணும்."

"எதுக்கும்மா?"

அவள் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். "அந்த லேப் ரிப்போர்ட்டை பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க. முப்பத்தோரு பிள்ளைங்க வீட்டுத் தண்ணியும் கெட்டிருக்குன்னு ஒரே பேப்பர்ல வந்தா, உங்க மனுவைத் தள்ள முடியாது. அதுக்குத்தான் இந்த டிரிப்பையே நான் கேட்டு வாங்கினேன். எச்.எம். கிட்ட கூட முழுசா சொல்லல. கம்பெனி இடம், தெரிஞ்சா டிரிப்பே நின்னுடும். நீங்க வீடு வீடா வால்வு திருப்பப் போவீங்க இல்ல? பிடிச்ச தண்ணிய அப்படியே கொடுத்தனுப்பச் சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் அவளைப் பார்த்தேன். பாட்டில் கம்பெனி கொடுத்தது. பஸ் கம்பெனி கொடுப்பது. லேப் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனிக்கு எதிராக இந்தப் பெண் பேப்பர் வாங்கப் போகிறாளாம். லிஸ்ட் கேட்கிறாள். லிஸ்ட் என்று யார் கேட்டாலும் எனக்கு ஆகாது. எங்கள் நிலமும் முதலில் லிஸ்டில்தான் ஏறியது.

"நான் மோட்டார் போடறவன்மா. லிஸ்ட் போடறவன் இல்ல."

"ஐயா, நம்புங்க."

"நம்பித்தாம்மா இங்க ஒக்காந்துகினு கீறேன்."

அவள் போய்விட்டாள். குடையை விரிக்க மறந்து வெயிலிலேயே போனாள்.

சுற்றுலாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்சாதி செங்கமலம் நெத்திலிக் கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். மறுநாளைக்குப் புளிசோறு கட்டுவதற்குப் புளி ஊறிக்கொண்டிருந்தது. கலைமதி பழைய பாவாடைத் துணியில் தொப்பி தைத்துக்கொண்டிருந்தாள். தொப்பி கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம்.

மூன்றாம் ரூம் பிச்சையா ஷிப்டு முடிந்து சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். சங்கரன்கோவில் பக்கம். நல்ல பையன். வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, கோவிச்சிக்கிடாதிய. நானும் மூணாம் ரூம் பயலுவளும் ஒரகடத்துப் பக்கம் ரூம் பாத்துக்கிட்டிருக்கோம்."

"இன்னாத்துக்குப்பா? இங்க இன்னா கொற?"

"தண்ணிதான் அண்ணாச்சி. முடி கொத்துக் கொத்தா வருது. ஊர்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காவ. போன தடவ போனப்ப எங்கம்மா, என்னல இது கோலம்னு அழுதுட்டா."

"முடி போனா இன்னாபா? எனக்குந்தான் போச்சி. கல்யாணம் ஆவல?"

"ஒங்களுக்கு மொத கல்யாணம், பெறகு முடி. எனக்கு வரிசை மாறிடும் போல."

செங்கமலம்கூடச் சிரித்துவிட்டாள். கன்னியப்பன் சிரித்துக்கொண்டே, "பைப்பு வர்துப்பா. மனு குடுத்துக்கீறோம். ரெண்டு மாசம் பொறுத்துக்க" என்றான். பிச்சையா தலையை ஆட்டிவிட்டு ரூமுக்குப் போனான். அவன் போனதும் கன்னியப்பன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பாத்தியா அண்ணே? இருக்கறவனே போறன்றான். இதுல பாட்டில் மேல எம்பேர எழுதி செவுத்துல மாட்டப் போறானாம். கன்னியப்பன் வூட்டுத் தண்ணி கய்தகூட குடிக்காதுன்னு. அப்பறம் எவன் வருவான் ரூம்புக்கு?"

"நம்ம வூட்டுத் தண்ணியதானப்பா கேட்டாங்க" என்றாள் கலைமதி ஊசியிலிருந்து தலையை எடுக்காமல்.

"கேன்ல புடி."

"கேன் தண்ணி எப்டிப்பா நம்ம வூட்டுத் தண்ணி ஆவும்?"

செங்கமலம் கருவாட்டுத் தலைகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "ஏண்டி ஆவாது? வந்தவங்களுக்கு எத குடுக்கறோம்? போன மாசம் கணக்கெடுக்க வந்த அம்மாவுக்கு சொம்புல எத குடுத்தன்? போர் தண்ணியவா குடுத்தன்? வூட்ட வுட்டு வெளிய போறதுக்கு நல்லதத்தான் குடுத்தனுப்பணும். கட்டிக்கினு போற துணிய கெய்ஞ்சத கட்டிக்கினு போவியா நீ?"

அவள் சொன்னதில் வஞ்சகம் இல்லை. எங்கள் ஊரில் அதுதான் பழக்கம். யார் வந்தாலும் முதலில் தண்ணீர் கொடுப்போம். போர் கெட்டதிலிருந்து கேன் தண்ணீர்தான் கொடுப்போம். சாவு வீட்டுக்கு வந்தவனுக்குக்கூட அதுதான். வீட்டுத் தண்ணீரை வெளியாளுக்குக் கொடுப்பது என்றால் வீட்டு அழுக்குத் துணியைத் தெருவில் காயப்போடுகிற மாதிரி.

காம்பவுண்டு சுவருக்கு மேலே முனியம்மாள் தலை தெரிந்தது.

"ஏ செங்கமலம், நீ எதுல ரொப்பன?"

"இன்னும் ரொப்பலக்கா."

"நான் அப்பவே கேன்ல ரொப்பி வெச்சிட்டன். எம்புள்ள அத்தினி பேரு எதிர்ல பாட்டில தொறந்து, நாத்தம் அடிச்சி, எல்லாம் மூக்க புட்ச்சிக்கறதா? நம்மளுக்கு இன்னா மானம் இல்லியா?"

கன்னியப்பன் என்னைப் பார்த்தான். "கேட்டியா அண்ணே?" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய் கேனைச் சாய்த்துப் பாட்டிலை நிரப்பினான். மூடியை இறுக்கினான். ஸ்டிக்கரில் தன் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்லிக் கலைமதியிடம் நீட்டினான். அவள் எழுதினாள்.

அதற்குப் பிறகு நான் வால்வு திருப்பத் தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் வெள்ளைப் பாட்டில். பக்கத்தில் கேன். அன்றைக்குக் கேன் போடுகிறவன் வண்டி இரண்டு நடை வந்தது. டீச்சர் சொன்னது எனக்கு ஞாபகம் வராமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லேப் ஒரு பொய், பாட்டில் ஒரு பொய், பொய்க்குப் பொய் சரியாகப் போகட்டும் என்று நடந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மோட்டார் போட வந்தேன். கன்னியப்பன் வீட்டுப் பின்பக்கம் கலைமதி பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் முருங்கை வேரில் ஓடியது. போர் குழாயைத் திறந்து, பாட்டிலை இரண்டு தரம் அலசிவிட்டுப் பிடித்தாள். என்னைப் பார்த்ததும் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பெரிப்பா, அப்பா கைல சொல்லாத."

"இன்னாத்துக்குடி இந்த வேல?"

"டீச்சரு போர் தண்ணியதான் எடுத்தாரச் சொன்னாங்க. எல்லாரும் அதத்தான் எடுத்தாருவாங்க. நான் மட்டும் ஏமாத்தனா, எல்லாரு பாட்டிலும் மஞ்சளா இருக்கும், எந்து மட்டும் வெள்ளையா இருக்கும். அசிங்கமா இருக்காது?"

எல்லாரும் எதை எடுத்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரு முழுக்க நடந்து பார்த்தவன் நான். வாயைத் திறந்து, போடி, உன்னுடையது ஒன்றுதான் மஞ்சளாக இருக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒருத்தியாவது நிஜத்தை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. நமக்கு எதற்கு என்று நினைத்தேன். அறுபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் பிழைத்திருக்கிறேன்.

"போ, பஸ்ஸு வந்துடும்" என்றேன்.

பஸ் வந்தது. ஏசி பஸ். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறினார்கள். கலைமதி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாவாடைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கையை ஆட்டினாள். கன்னியப்பன் வெள்ளைப் பாட்டில் பெட்டியைத் தானே தூக்கி பஸ்ஸில் வைத்தான்.

சாயங்காலம் ஆளுக்கு ஒரு வேப்பங்கன்றோடு திரும்பினார்கள். கலைமதி மட்டும் சத்தமில்லாமல் இறங்கினாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "தண்ணிக்குள்ள ஒரு பூச்சி ஓடுது பெரிப்பா, கண்ணாடில பெருசா தெரிது" என்று மட்டும் சொன்னாள். அங்கே மேஜைமேல் வரிசையாகப் பாட்டிலை வைத்தபோதே, தன்னுடையது ஒன்றுதான் மஞ்சள் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பத்து நாள் கழித்து மெர்சி டீச்சர் தெருவுக்கு வந்தாள். கையில் பேப்பர். முனியம்மாள் வாசலில் நாலைந்து பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். செங்கமலமும் இருந்தாள்.

"முப்பது பாட்டில். முப்பதும் ஒரே மாதிரி. உப்பு ஒரே அளவு, எல்லாம் ஒரே அளவு. பூமியில எந்த ஊர்லயும் இப்படி இருக்காது" என்றாள். குரல் கிழிந்திருந்தது. "நீங்க எல்லாரும் என்ன தண்ணி கொடுத்தீங்க?"

வெங்காயம் உரிக்கிற சத்தம்.

"இந்த ஊர்த் தண்ணி ரொம்ப நல்ல தண்ணி, ஒரு வீட்ல மட்டும் கோளாறுன்னு யூனியன் ஆபீசுக்கு ரிப்போர்ட் போயிடுச்சு. அந்த ஒரு வீடு யாருதுன்னு தெரியுமா? இப்பவாவது நாலு பேர் சொல்லுங்க. நான் திரும்ப டெஸ்ட் கேக்கறேன்."

செங்கமலம் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் முகத்தைப் பார்த்தாள். அடுத்தவள் முகத்தைப் பார்த்தாள்.

முனியம்மாள்தான் பேசினாள். "எங்க வூட்டுத் தண்ணி நல்லதுதான் டீச்சர். பேப்பர்லயே போட்டுக்கீதே."

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கும் நாலு ரூம். பிள்ளைகள் கையில் பள்ளிக்கூடத்திலிருந்து ரிப்போர்ட் வந்த அன்றைக்கே ஒரு காப்பி எடுத்து ரூம் கதவில் ஒட்டியிருந்தாள். இன்றைக்கு வாயைத் திறந்தால் நாளைக்கு அந்த ரூம் காலி.

அந்த வாரமே யூனியன் ஆபீஸ் ஆள் ஒருத்தர் சிவப்புப் பெயிண்டோடு வந்தார். கன்னியப்பனின் போர் குழாயில் பெயிண்டு அடித்து, டேங்கின்மேல் 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று எழுதினார். வாடகைக்கு ஆள் வைத்திருப்பதால் மோட்டார் போடக்கூடாது என்று ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"சார், பூமிக்குக் கீழ அல்லாம் ஒரே தண்ணி சார். மத்தவங்க கேன் தண்ணிய அனுப்பிச்சிட்டாங்க. நான் கண்ணால பாத்தன்."

அவர் தெருவைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

கதவுகள் எல்லாம் திறந்துதான் இருந்தன. ஆட்கள் நின்றுதான் இருந்தார்கள்.

"பெரியவரே, எழுதிக் கொடுங்க. கூட நாலு வீட்டுக்காரங்க கையெழுத்து போடட்டும். பாக்கலாம்."

எழுதிக்கொடுக்க மெர்சி டீச்சர் இருந்தாள். எழுதினாள். அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தேன். ஒருத்தன் பேனா இல்லை என்றான். ஒருத்தன் அண்ணனைக் கேட்கவேண்டும் என்றான். ஒருத்தி, "டீச்சரு நம்பச் சொன்னப்ப நீயே நம்பலன்னாங்களே மாமா, இப்ப எங்கள நம்பச் சொல்ற?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பேப்பரில் என் கையெழுத்து ஒன்றுதான் இருக்கிறது. மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. குடிநீர் நல்ல நிலையில் இருப்பதாக ஆய்வில் தெரியவருவதால் பைப் திட்டத்தில் இந்த ஊர் இப்போதைக்கு இல்லை.

கன்னியப்பன் கலைமதியை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அந்த வீட்டில் ஒரு சத்தமாவது கேட்டிருக்கும். பிச்சையா தன் ரூம் பையன்களோடு போனான். போகும்போது, "நான் இருந்திருப்பேன் அண்ணாச்சி, பயலுவ பெயிண்டப் பாத்துப் பயப்படுதானுவ" என்றான். அப்புறம் ஒவ்வொரு ரூமாகக் காலியானது. பாதிப் பேர் முனியம்மாள் வீட்டு ரூமுக்குத்தான் போனார்கள். வேலைக்குப் புதிதாக வந்த இரண்டு பையன்கள் மட்டும் ஒரு ரூமில் இருக்கிறார்கள்.

ஒருநாள் கலைமதி மோட்டார் ரூமுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அன்னிக்கி காலைல ஒனக்குத் தெரியுமா பெரிப்பா? எல்லாரும் கேன் தண்ணின்னு?"

"தெரியும்."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வருவதில்லை.

இப்போது தினமும் காலையில் செங்கமலமும் கலைமதியும் முனியம்மாள் வீட்டிலிருந்து தண்ணீர் சுமக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் போருக்கும் இவர்கள் வீட்டுப் போருக்கும் நடுவில் பதினைந்து அடி தூரம், ஒரு சுவர். முனியம்மாள் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள். கலைமதி வந்தால் அவளே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிடுகிறாள், முகத்தைப் பார்க்காமல்.

நேற்று அந்தப் புதுப் பையன்களில் ஒருத்தன் பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா, இந்தத் தண்ணி நல்லதுதானே?" என்று கேட்டான்.

"நல்லதுப்பா" என்றாள் செங்கமலம். "முனியம்மா வூட்டுது. கவுருமெண்டுல செக் பண்ணது."

கலைமதி குடத்தை அவன் பக்கெட்டில் கவிழ்த்தாள். காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த நடைக்குப் போனாள்.